போயிட்டு வாங்க

அறுபத்திரண்டாம் வருஷம் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிய யாரும் அந்தச் சுவரைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. அதில் இருந்த வாசகத்தை எழுதியவனைத்தான் யாருக்கும் தெரியாது. அவன் பெயர் முனீர். மதுரையில் பி.ஏ. இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு வந்திருந்தான்.

வீட்டில் பத்திரிகையும் கையுமாகக் கிடந்தவனை இழுத்துக்கொண்டு போனவர் அவனுடைய தாய்மாமா கிதர் முகம்மது. மெயின் ரோட்டில் ஒரு மாடியில் அவர் விளம்பர நிலையம் நடத்தினார். ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றுவது, சுவரில் எழுதுவது, சினிமா இடைவேளையில் காட்டக் கண்ணாடி ஸ்லைடு தயாரிப்பது எல்லாம் அங்கேதான்.

"ஏலே, ரெண்டு மாசம் தொழில் பழகு. சம்பளம் கிடையாது, டீ உண்டு" என்றார்.

முதல் வாரமே முனீருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. சிலுவைமுத்து என்ற பூட்டுத் தொழிலாளி இருபது வருஷம் வேறொருவர் பட்டறையில் கையைத் தேய்த்தவர். இப்போதுதான் தனியாகப் பட்டறை போட்டிருந்தார். முதன்முதலாகச் செய்த பூட்டுகளில் தன் ஒரே மகளின் பெயரைக் குத்தியிருந்தார்: அன்னாள். அவை விற்றால் அவர் முதலாளி. விற்காவிட்டால் பழைய பட்டறை வாசலில் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான்.

விளம்பர வாசகத்துக்காக முனீர் இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து யோசித்தான். மூன்றாம் நாள் எழுதினான்: 'எவராலும் திறக்க முடியாத பூட்டு! அன்னாள் பூட்டு!'

"அடடா, தமிழ்னா இதுல்ல!" என்று மாமா பூரித்துப் போனார். ஓவியர் சடையாண்டி அதைச் சிவப்பு எழுத்தில் கண்ணாடியில் தீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. சிலுவைமுத்து மனைவியோடும் பதினைந்து வயது அன்னாளோடும் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தார். மூவரும் கிறிஸ்துமஸ் உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு வந்திருந்தார்கள். இடைவேளை வந்தது. திரையில் அன்னாளின் பெயர் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. அந்தத் தகப்பனின் கண்கள் நிறைந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்துத் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏப்பா, யாராலயும் தெறக்க முடியாதுன்னா, வாங்குனவன் எப்பிடிப்பா வீட்டுக்குள்ள போவான்?"

"ஓட்டைப் பிரிச்சுத்தான் எறங்கணும்!" என்றது இன்னொரு குரல்.

கொட்டகையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துச் சிலருக்குப் புரையேறியது. அன்னாள் முகத்தைத் தாவணியில் புதைத்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த முனீருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

மறுநாள் ஊரெல்லாம் அதற்கு 'ஓட்டைப் பிரிக்கிற பூட்டு' என்று பெயர். எடுத்துக்கொள்வதாகச் சொன்ன இரண்டு கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள். சிலுவைமுத்து மாடியேறி வந்தார். திட்டுவார் என்று முனீர் எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை.

"எம் மக பேரு அதுல இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். பிறகு மெல்ல, "வியாழக்கெழமை செம்பட்டிச் சந்தைக்குக் கொண்டு போறேன். அங்கயும் போகலேன்னா, பழைய பட்டறைதான்."

முனீர் பொல பொலவென்று அழுதுவிட்டான். "நானும் வாரேன் அண்ணே" என்றான்.

செம்பட்டிச் சந்தையில் சாக்கு விரித்துப் பூட்டுகளைப் பரப்பினார்கள். வெயில் ஏறியதே தவிர, விற்பனை ஏறவில்லை. பத்து மணி வாக்கில் கூடை மல்லிகையை விற்றுவிட்டு வந்த சுந்தரம்மாள் என்ற பெண்மணி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பூட்டை எடுத்தார். பூட்டினார், திறந்தார். மறுபடி பூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார்.

"வீட்டுல நகை நட்டு நெறைய இருக்குமோ?" என்று கேட்டான் முனீர்.

"நகையா! ரெண்டு கோழி, ஒரு அண்டா. அதுல ஒரு கோழி முட்டையே இடாது."

"அப்புறம் எதுக்குப் பூட்டு?"

"என்ன அப்பு இப்பிடிக் கேக்குற? மக பேறுகாலத்துக்குப் பத்து நாளு குஜிலியம்பாறை போறேன். அங்க போயி எம் புள்ளையப் பாப்பனா, இங்கன கதவு தொறந்து கெடக்குமோன்னு நெனப்பனா? போன தடவை பாதி வழியில பஸ்ஸ நிறுத்தி எறங்கி வந்து பூட்ட இழுத்துப் பாத்தவ நானு. கண்டக்டரு கையெடுத்துக் கும்புட்டான்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்க வீட்டுக்காரியும் இதே கதைதான்" என்றார் ஒருவர். சுந்தரம்மாள் ஒரு பூட்டை வாங்கிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாரேன் அப்பு" என்று எழுந்தார்.

"போயிட்டு வாங்கம்மா" என்றார் சிலுவைமுத்து.

முனீர் நிமிர்ந்து பார்த்தான். வாசலில் நின்று அம்மா தினமும் சொல்கிற வார்த்தை. யாரும் கவனிக்காத வார்த்தை. இந்த ஊரில் புறப்படுகிறவரை யாரும் 'போ' என்று விடுவதில்லை. திரும்பி வரும்படி சொல்லித்தான் அனுப்புகிறோம். பூட்டிய வீட்டில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

திருடனை மிரட்டியே எழுதிவிட்டேனே, திருடனா பூட்டு வாங்கப் போகிறான் என்று நினைத்தபோது, நான்கு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அன்று சந்தையில் போனவை ஏழே பூட்டுகள். சிலுவைமுத்து மீதியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். "அண்ணே, ஞாயித்துக்கெழமை வரைக்கும் பொறுங்க" என்று கெஞ்சினான் முனீர்.

புதிய வாசகத்தைப் பார்த்த மாமா தாம்தூம் என்று குதித்தார். "இது என்னடா, அடுப்படியில பேசுற பேச்சு! படிச்ச புள்ள எழுதுறதா இது?"

சடையாண்டி தூரிகையைக் கழுவியபடியே, "மொதலாளி, படிச்ச தமிழுக்குத்தான் போன ஞாயித்துக்கெழமை ஊரே சிரிச்சுச்சே. காலேஜுத் தம்பி சொல்றத எழுதுவோம்" என்றார்.

மாமாவுக்கு அது உறைத்தது. தப்பு தன் நிலையத்தின் மேல் என்பதால் ஸ்லைடையும் பஸ் நிலையச் சுவரையும் இனாமாகவே எழுதச் சொன்னார்.

ஞாயிறு பகல் காட்சி. சிலுவைமுத்து வரமாட்டேன் என்றார். அன்னாள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இடைவேளையில் விளக்கு அணைந்தது. திரையில் ஒரு சாத்திய கதவு. அதில் மாங்காய் வடிவில் ஒரு பூட்டு. அது பேசியது:

'போயிட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கிறேன். - அன்னாள்.'

 பின்னால் நின்றிருந்த முனீர் சுவரைப் பிடித்துக்கொண்டான். தரை டிக்கெட்டிலிருந்து அதே பழைய குரல் எழுந்தது.

"சரி தாயி, போயிட்டு வாரோம்!"

மறுபடி ஒரே சிரிப்பு. ஆனால் இது வேறு சிரிப்பு. சொந்தக்காரி பேசியது போலப் பெண்கள் பக்கத்தில் தலையாட்டினார்கள். அன்னாளும் சிரித்தாள். அவளுடைய அப்பா மட்டும் அழுதுகொண்டிருந்தார்.

ஒரே வாரத்தில் பட்டறையில் பூட்டு மிச்சமில்லை. கையை விரித்த கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். பழைய பட்டறை வழியாகப் போகும்போது சிலுவைமுத்து நிமிர்ந்தே நடந்தார்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. முனீர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, அரத்தூள் படிந்த கையோடு சிலுவைமுத்து ஓடி வந்தார். அவனுடைய ஹாஸ்டல் பெட்டிக்கென்று செய்த சின்னப் பூட்டை ஜன்னல் வழியாகத் திணித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பஸ் நகர்ந்தது. அவர் கையை உயர்த்தி, எதிரே இருந்த சுவரைக் காட்டினார்.

"வாரேன் அண்ணே!" என்று கத்தினான் முனீர்.