கீழ் வீட்டு இத்தாலிக்காரியின் முதுகுவலி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் கீழ் வீட்டுக்கு இத்தாலியிலிருந்து ஓர் இளம் தம்பதி குடிவந்தபோது என் கணவர் பெருமூச்சு விட்டார். அகதி விண்ணப்பம், நிராகரிப்பு, மேன்முறையீடு, மறுபடியும் விண்ணப்பம் என்று இளமையை வரிசையில் நின்றே கழித்தவர் அவர். இவர்களோ பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நேரே வீடு பார்க்க வந்தவர்கள்.

அவனுக்கு உணவகமொன்றில் சமையல் வேலை. அவள் ஊரில் இலத்தீன் படிப்பித்தவள். லண்டனுக்கு இலத்தீன் அவசரமாகத் தேவைப்படாததால் ஒரு கஃபேயில் கைக்காசுக்குக் கோப்பை கழுவினாள். இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவோம் என்றாள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தோம் என்று அவளைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். அவள் வேலையை விட்டாள்.

நாடு வாக்குப் போட்டு ஐரோப்பாவை விட்டு விலகியது. ஒரு சனிக்கிழமை காலை இருவரும் படியேறி எங்களிடம் வந்தார்கள். இங்கே தொடர்ந்து இருப்பதற்கு அவர்களும் இனி விண்ணப்பிக்க வேண்டுமாம். என் கணவரின் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை எங்கள் கலியாணத்தன்றுகூட நான் கண்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர்களை உட்காரச் சொன்னார்.

அவனுக்குச் சிக்கல் இருக்கவில்லை. ஒழுங்காக வரி கட்டியிருந்தான். அவள் இங்கே ஐந்து வருடம் வாழ்ந்ததற்குத்தான் சான்று இல்லை. வாடகை, மின்சாரம், வங்கி எல்லாமே அவன் பெயரில். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை எடுத்து நீட்டினாள். அவை அந்தந்த மாதத்துக்கு மட்டுந்தான் செல்லும் என்று என் கணவர் விதிகளை வாசித்துச் சொன்னார். ஆக, பிள்ளை பெற்ற இரண்டு மாதமும் அவள் லண்டனில் இருந்திருக்கிறாள். மற்ற மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தது யாரென்று அரசாங்கத்துக்குத் தெரியாது.

துணி துவைத்ததற்கு யார் எனக்கு ரசீது தருவார்கள் என்று கேட்டு அவள் அழத் தொடங்கினாள். அழுகிறவர்களைத் தேற்ற என் கணவருக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேரும், இந்தப் பிள்ளை தன்ரை வருத்தத்துக்கு டொக்டரிட்டைப் போறதோ எண்டு ஒருக்காக் கேளும்."

கேட்டேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த முதுகுவலிக்காக ஐந்து வருடத்துக்கு மேலாக மாதந்தவறாமல் போயிருக்கிறாள். போகும்போதெல்லாம் பரசிற்றமோல் மாத்திரையும், நிமிர்ந்து உட்காரும்படி ஆலோசனையும் கிடைத்திருக்கின்றன. வலி மட்டும் மாறவில்லை. மாறியிருந்தால் நாட்டை விட்டே போகவேண்டி வந்திருக்கும்.

அவள் போய்வந்த நாட்களின் பட்டியலை டாக்டரின் அலுவலகம் அச்சிட்டுக் கொடுத்தது. என் கணவர் அதை வருடவாரியாகப் பிரித்து, நிறநிறமாய்ச் சீட்டு ஒட்டி, அடிக்கோடிட்டு, தன் சொந்த வழக்குக்குக்கூடக் காட்டாத அக்கறையோடு அனுப்பிவைத்தார். சில வாரங்களில் அனுமதி வந்தது, மின்னஞ்சலாக. அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"கடதாசி ஒண்டும் தரமாட்டினமோ?" என்று என் கணவர் கவலையோடு கேட்டார். அந்த மின்னஞ்சலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவளுக்குக் கொடுத்து, மற்றதைத் தானே வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கீழே எங்களுக்கு விருந்து. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இத்தாலியிலிருந்து அவளின் தாய் வீடியோவில் வந்தாள். இந்த மனிதர்தான் எல்லாம் செய்து தந்தவர் என்று சொல்லி, மகள் போனை என் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு இத்தாலி மொழியில் நீளமாக எதையோ கேட்டாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து என் கணவர் தலையைத் தலையை ஆட்டினார்.

"ஓம் ஓம், அதுக்கென்ன," என்றார்.

கிழவி சட்டென்று போனை வைத்துவிட்டாள். என்ன கேட்டாள் என்று மகளிடம் விசாரித்தேன். என் பிள்ளையை இனி வீட்டுக்கு வரவிடாமல் செய்தது நீதானா என்று கேட்டாளாம்.