தவிடு கொடுத்து வாங்கிய மகள்

மகளுக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் காய்ச்சலோடு இப்படி வருவது உண்டு, பயப்படாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மதினி வேண்டிக்கொண்டுவிட்டார். மதினி என்றால் என் கணவரின் அக்கா. பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினால் குலதெய்வத்திடம் கொடுத்து, தவிட்டை விலையாக வைத்துத் திரும்ப வாங்குவது என்பது வேண்டுதல். சாமிக்குச் சொந்தமாகிவிட்ட பிள்ளையை நோய் தொடாதாம்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவள் நான். இருந்தும் சரி என்றேன். மருந்தும் கொடுப்போம், இதையும் செய்துவிடுவோம். இதை விட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் முகத்தில் விழிப்பேன்?

பிள்ளை தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வேனில் கிளம்பினோம். காரியாபட்டி தாண்டித் திருச்சுழி ரோட்டில் திரும்பியதும் ஜன்னலை மூடினேன், பிள்ளைக்கு வேர்த்தது, திரும்பத் திறந்தேன். சுடுகாற்று ஆகாது என்று மறுபடி மூடினேன். “ஒண்ணு தெற, இல்ல மூடு” என்றார் கணவர்.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே முள் அடர்ந்த ஓர் உடைமரம். அதன் கீழே இடுப்புயரக் கல். அதுதான் எங்கள் சாமி. கல்யாணமானதும் ஒருமுறை வந்து கும்பிட்டிருக்கிறேன். அன்று சிவப்புச் சேலையும் வெள்ளிக் கண்களும்தான் தெரிந்தன. இந்த முறை பூசாரி சேலையை அவிழ்த்து, கண்களைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தை என்னிடம் நீட்டினார்.

“பிள்ளையப் பெத்தவ கையாலதான் குளிப்பாட்டணும்.”

தண்ணீரை ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கு திரண்டு வந்தது. விரலுக்குக் கீழே ஒரு கை தட்டுப்பட்டது. முழங்கையில் மடங்கி மேலே உயர்ந்த வலது கை. மணிக்கட்டிலிருந்து வரிசையாக வளையல்கள்.

என் கை நின்றுவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது அருங்காட்சியகத்தில் இதே கையைப் பார்த்திருக்கிறேன். கணவனின் சிதையில் இறங்கிய பெண்ணுக்கு நடும் கல் அது. வளையலை உடைக்காமல் போனவள் என்று காட்டக் கையை உயர்த்திச் செதுக்குவார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கொடுத்திருக்கிறேன். அப்படியொரு கல்லின் முன் விழுந்து கும்பிட்டுத்தான் இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இடது இடுப்பில் ஏதோ புடைத்திருந்தது. பிசுக்குதான் என்று நகத்தால் சுரண்டினேன். சின்னத் தலை ஒன்று வெளியே வந்தது.

“மதினி, இது என்ன?”

“பிள்ளைம்மா. பாத்தா தெரியலையா?” மதினி என் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஊருக்குப் போன கதை சொல்வது போலச் சொன்னார். “புருஷன் களவு போன மாட்ட மீக்கப் போன சண்டையில செத்துப்போனாரு. இவுக கைப்பிள்ளைய நாத்தனா கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காம நடந்து போயித் தீயில எறங்கிட்டாக. அந்தா தெரியுதுல்ல மேடு, அங்கதான். அந்தப் பிள்ளை வழிதான் நம்ம எல்லாரும்.”

“கல்லுல இடுப்புலதானே மதினி பிள்ளை இருக்கு? அப்ப பிள்ளையவும்...”

“சேச்சே! வாயக் கழுவு. பிள்ளை போயிருந்தா நான் எங்குட்டுருந்து வந்தேன்?”

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அந்தச் சின்னத் தலையிலிருந்து என் கண் நகரவில்லை. அதன் பிறகுதான் நான் செய்ய வேண்டியதை மதினி விளக்கினார். பிள்ளையைக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டு மேட்டைப் பார்த்து ஏழு அடி நடக்க வேண்டும். பிள்ளை அழுதாலும் திரும்பக் கூடாது. அத்தைக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்ட பிறகு வந்து, தவிடு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கணவரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்து வீடியோவுக்குத் தயாராக நின்றார். சொந்தக்காரர்கள் இருபது பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாப் பாத்து வாங்கு தாயி, ரெண்டு பல்லுதான் இருக்கு!” என்றார் கணவரின் சித்தப்பா. “ஒரு சொளகு தவிட்டுக்குப் பெறாது!”

மகளைக் கல்லுக்கு முன்னால் விரித்த துண்டில் உட்கார வைத்தேன். அவள் என் சேலை நுனியைப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, திரும்பி நடந்தேன்.

மூன்றாவது அடியில் அழுதாள். அது பசி அழுகை இல்லை, தூக்க அழுகையும் இல்லை. அவளுடைய எல்லா அழுகையும் எனக்குத் தெரியும், இது நான் கேட்காத அழுகை. இரவில் அவள் இருமினாலே விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுகிற நான், நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். ஆறு. ஏழு. யாரும் என்னைத் தள்ளவில்லை. என் கால்கள்தான் நடந்தன.

“ஏம்மா, பிள்ளை வேணுமா? தவிட்டக் குடுத்துட்டு வாங்கிக்க!” மதினியின் குரல் கேட்டது.

தவிடு நிரப்பிய முறத்தை யாரோ என் கையில் கொடுத்தார்கள். தவிடு சிந்தச் சிந்த ஓடினேன். கை நீட்டியபோது மகள் என்னிடம் வரவில்லை. அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அட, கோவத்தப் பாரு!” என்று எல்லோரும் சிரித்தார்கள். வீடியோவிலும் அந்தச் சிரிப்பு இருக்கிறது.

வேனில் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் அவர் மடியில்தான் தூங்கினாள்.

“அழுதா மதினி. எனக்குக் கேட்டுச்சு. ஆனாலும் நடந்தேன். ஏன்னு தெரியல.”

மதினி பிள்ளையின் நெற்றி மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நேந்துக்கிட்டு என் மகன இங்க வச்சப்ப நானும் நடந்தேன்ல. எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாக. என்ன செய்ய?”

காரியாபட்டி வரும்போது மகள் விழித்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கையை நீட்டவில்லை, நீட்டப் பயமாக இருந்தது. அவளாகவே மதினியின் மடியிலிருந்து தவழ்ந்து என்னிடம் வந்தாள்.