குவைத் நேரம்

"கோவிந்தா... கோவிந்தா..."

பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தாண்டி வந்த சத்தத்தைக் கேட்டதும் கலைவாணி சட்டென்று போனைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவுக்குக் காது மந்தம். சாமி சேனலை வைத்தால் மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் கேட்கிற மாதிரிதான் வைப்பாள். எட்டிப்போய்க் கதவைச் சாத்தி, கதவடியில் பழைய துணியைக் காலால் தள்ளி அடைத்துவிட்டு, மறுபடி போனைக் காதில் வைத்தாள்.

"இன்னாம்மா அது சத்தம்?" மகள் ரூபாவின் குரல் கேட்டது.

"டிவி பாப்பா. இங்க கிச்சன் வேலைக்கு ஒரு தெலுங்குப் பொண்ணு புதுசா வந்துகீறா. காலையில சாமி பாட்டு கேக்கலன்னா அவளுக்குச் சோறு எறங்காது."

"நீ துன்னியா?"

கலைவாணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு காட்டியது. திருப்பதி முழுக்க அப்போது மணி ஒன்பதரை. அந்த ஒற்றை அறையில் மட்டும் ஏழு. வாய் தவறி எதையாவது உளறிவிடக்கூடாது என்று அவள்தான் கடிகாரத்தைக் குவைத் நேரத்துக்கு வைத்திருந்தாள்.

"இப்பதான எழுந்தேன். மணி ஏழுதான ஆவுது இங்க."

"அங்க வெயிலாம்மா?"

"கொளுத்துது."

ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை. மழை மறைத்திருந்தது.

 ரூபாவின் பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"எங்க கீற நீ? பஸ்ஸுலயா?"

"ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போய்க்கினு கீறேன். சரிம்மா, நீ வேலையப் பாரு."

வைத்துவிட்டாள். கலைவாணி போனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தையல் மெஷின். அதன்மேல் யாரோ ஒருத்தியின் பாதி தைத்த ஜாக்கெட். குவைத் எங்கே, திருப்பதி எங்கே. மகள் இருக்கிற சித்தூர்ப் பக்கத்துக் குடிபாலாவுக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அந்தத் தூரத்தைத்தான் அவளால் கடக்க முடியவில்லை.

கலைவாணியின் கணவன் ரங்கையா செங்கல் லாரியில் அடிபட்டுப் போனபோது ரூபா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கூலி வேலையில் ஒரு பெண்பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது என்று தெரிந்ததும், மகளை நாத்தனார் செல்வியிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கான விசாவில் குவைத்துக்குப் போனாள். யார் விசா கொடுத்தாரோ அந்த முதலாளி வீட்டில் மட்டும்தான் வேலை செய்யவேண்டும். வேறு எங்கேயும் ஒரு பைசா சம்பாதிக்கக்கூடாது. ஏஜெண்ட் இதைத் தெலுங்கிலும் சொன்னான், தமிழிலும் சொன்னான். அவளும் தலையாட்டினாள்.

மெஷின் வந்தது முதலாளியம்மாவால்தான். நீளமான கவுன்களைக் குறைத்துத் தைக்க ஆள் தேடியவளிடம், "எனக்குத் தைக்கத் தெரியும்" என்று கலைவாணி சைகையில் சொன்னாள். மறுநாளே மாடிப்படிக்குக் கீழே இருந்த அவள் அறைக்கு ஒரு மெஷின் வந்துவிட்டது. கவுன்களோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை லீவில் ஆந்திராப் பெண்கள் கூடுகிற இடத்தில் ஒருத்தி, "அக்கா, இங்க நம்ம ஜாக்கெட் தைக்க ஆளே இல்லக்கா, தொளதொளன்னு போட்டுக்கினு கீறோம்" என்று அழாத குறையாகச் சொன்னாள். ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். அது பத்துப் பேரைக் கூட்டிவந்தது.

காசுக்காகத்தான் செய்தாள். அது பொய்யில்லை. ஆனாலும் அதற்கு மேலே ஒன்று இருந்தது. முதலாளி வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கையைத் தட்டினால் போகவேண்டும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் "டைலர் அக்கா". "டைலர் அக்கா வந்துட்டாங்க" என்று நாலு பெண்கள் எழுந்து இடம் விடும்போது, தானும் ஒரு மனுஷிதான் என்று அவளுக்குத் தோன்றும். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளையும் தள்ளினாள்.

வேலை பெருகியதும் அந்தப் பெண்கள் தங்கியிருந்த கட்டடத்திலேயே ஒரு மூலையைப் பிடித்து, கவுன் வேலை தீர்ந்திருந்த மெஷினையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே சோதனை வந்தது. அவள் அடையாள அட்டையில் ஒரு வீட்டு முகவரி. அவள் கையில் இன்னொருத்தியின் ஜாக்கெட். வேறு சாட்சியே தேவைப்படவில்லை. முதலாளி வந்து பார்த்தார். "எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் வீட்டுக் கவுன்களெல்லாம் அதே மெஷினில் தைத்ததுதான்.

கைரேகை எடுத்து விமானத்தில் ஏற்றினார்கள். இனி ஆயுசுக்கும் அந்த நாட்டில் கால்வைக்க முடியாது.

சென்னையில் இறங்கியவள் சித்தூர் பஸ்ஸில் ஏறவில்லை. ஏறத்தான் போனாள். படியில் கால்வைத்தபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இப்படித்தான் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைக் குவைத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை, ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். அவள் மகளுக்கு வந்த இடம் தட்டிப்போனது. ரூபாவுக்கு அப்போதுதான் சித்தூரில் பவன்குமாரைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம், "சம்பந்தியம்மா குவைத்துல கீறாங்க" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

கலைவாணி காலைக் கீழே எடுத்தாள். திருப்பதி பஸ் நின்றிருந்தது. திருப்பதியில் புதிதாக ஒருத்தி வந்து நின்றால் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

அன்றிலிருந்து இந்த அறைதான். பழைய மெஷின் ஒன்று, அடுப்பு ஒன்று, கோவிந்த நாமம் ஒழுகுகிற ஒரு சுவர். போனில் மட்டும் குவைத் நம்பர் வாட்ஸ்அப்பில் உயிரோடு இருந்தது. "மேடம் வீட்டுல வீடியோ பேசக்கூடாது பாப்பா" என்று சொல்லி முகத்தை மறைத்துக்கொண்டாள். போன வாரம் கல்யாணச் சீராக ஒரு பெட்டிகூட அனுப்பினாள். சென்னை பர்மா பஜாருக்குப் போய் சென்ட்டு, பால்பவுடர், புலி போட்ட கம்பளி என்று குவைத்துக்காரர்கள் கொண்டுவருகிற சாமான்களாகப் பார்த்து வாங்கி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மார்க்கரில் பெரிதாகப் பெயர் எழுதி, சித்தூர் பஸ் பார்சலில் போட்டாள். அசல் குவைத் பெட்டி மாதிரியே இருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

மத்தியானம் ஒரு புதுக் கஸ்டமர் வருவதாகச் சொல்லியிருந்தாள். கல்யாண ஜாக்கெட். முந்தாநாள் யாரோ ஒரு பெண் தெலுங்கில் போன் செய்து விலாசம் கேட்டாள். அதற்காகத் தரையைப் பெருக்கி, பாய் விரித்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

கதவு தட்டிய சத்தம் கேட்டது. திறந்தாள்.

நனைந்த துப்பட்டாவோடு ரூபா நின்றிருந்தாள்.

கலைவாணிக்குக் கதவைச் சாத்திவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பெற்ற மகளை இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறவளுக்குக் கட்டிப்பிடிக்கத் தோன்றவேண்டாமா? தோன்றவில்லை. திருடியைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஜாக்கெட் தைக்கிறது இங்கதான?" என்றாள் ரூபா. சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

"உள்ள வா," என்றாள் கலைவாணி. "நனைஞ்சிட்ட."

துண்டை எடுத்து மகள் தலையைத் துவட்டினாள். நின்ற இடத்திலேயே நின்று துவட்டவிட்டாள் ரூபா. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா, ஒன் கடிகாரம் நின்னுபோச்சா?"

"ஓடுது. அது குவைத் டைம்."

ரூபா பாயில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தாள்.  சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் சாமியின் கல்யாண உற்சவம் நடந்துகொண்டிருந்தது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பொட்டி வந்துச்சு, பொட்டி கொண்டாந்தவங்க வரலயே." ரூபா மூக்கை உறிஞ்சினாள். "குவைத்துலேருந்து யாரு பொட்டி அனுப்பிச்சாலும் அதைக் கொண்டாந்தவங்க வூட்டுக்கு வந்து ஒரு வேளை துன்னுட்டு, ஒங்கம்மா எளச்சிட்டாங்க, கறுத்துட்டாங்கன்னு எதுனா சொல்லிட்டுத்தான போவாங்க. அத்தை கோழி அடிச்சிக் கொழம்பு வச்சிட்டு வாசலயே பாத்துக்கினு இருந்துச்சு. பாத்தா பஸ் ஸ்டாண்டுலேருந்து போனு, பார்சல் வந்துகீது, எடுத்துனு போன்னு. எந்த ஊர் பார்சலுன்னு கேட்டேன். திருப்பதின்னாங்க. அனுப்பிச்சவங்க நம்பரும் குடுத்தாங்க."

"அப்ப போன் பண்ணது?"

"என் ஃப்ரெண்டு. ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுனா. போனை எடுத்து 'செப்பண்டி'ன்னு நீ சொன்னதும் ஒன் கொரல நான் கண்டுக்கினேன்."

பெட்டிக்குள் வைத்த ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்தவள், அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆளை வைக்க மறந்துவிட்டாள். வாசலில் உட்கார்ந்து, "அக்கா நல்லா கீறாங்க" என்று சொல்ல அவளுக்கு யார் இருந்தார்கள்?

எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், வெள்ளிக்கிழமை, சோதனை, கைரேகை. ரூபா குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "ஜாக்கெட் தைச்சதுக்காம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஜாக்கெட் தைச்சதுக்குத்தான்."

"வேற ஒண்ணும் இல்லியே."

கேட்டுவிட்டு ரூபா தலையைக் குனிந்துகொண்டாள். கலைவாணிக்குச் சுருக்கென்றது. பெற்ற பெண்ணுக்கே ஒரு நொடி வந்துவிட்டதே இந்தச் சந்தேகம். ஊருக்கு வராமல் இருக்குமா?

"இல்ல பாப்பா," என்றாள் மெதுவாக. "அத்தைக்குத் தெரியுமா?"

"சொல்லல. கார்கோ கம்பெனிக்காரன் மாத்தி அனுப்பிட்டான்னு சொல்லிட்டேன்."

ரூபா பையிலிருந்து அரக்கு நிறப் பட்டுத் துணியை எடுத்தாள். கூடவே ஒரு பழைய ஜாக்கெட்டும். "அளவு ஜாக்கெட் கொண்டாந்துகீறேன்."

கலைவாணி அளவு ஜாக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். "எழுந்து நில்லு."

டேப்பைத் தோளில் வைத்தாள். கை நீளம் பார்த்தாள். கடைசியாக இந்தப் பெண்ணுக்கு அளவு எடுத்தபோது அது பள்ளிக்கூடச் சட்டை. இப்போது தோள் அவளுடைய தோளைவிட உயரம். மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது மகளை முழுசாகக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. டேப்பைப் படிக்கவேண்டியவள் படிக்காமல் அப்படியே நின்றாள். ரூபாவும் அசையவில்லை.

"ம்மா," என்றாள் ரூபா அவள் தலைக்கு மேலே. "பவனோட அம்மா... அவங்க ஒருமாதிரி. நல்லவங்கதான். ஆனா ஊரு பேச்சு கேப்பாங்க." நிறுத்தினாள். "மண்டபம்லாம் பாத்தாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. அதான்..."

மேலே வரவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பஸ் ஏறி மழையில் நனைந்து இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள், கேட்க முடியாமல் தவிக்கிறாள் என்று கலைவாணிக்குப் புரிந்தது. பெற்றவளாயிற்றே. பள்ளிக்கூடத்துக்கு நோட்டு வேண்டும் என்று கேட்கும்போதும் இப்படித்தான் துணி நுனியைச் சுற்றுவாள்.

பாவம் குழந்தை, அவள் வாயால் சொல்லவேண்டாம் என்று நினைத்தாள்.

"கல்யாணம் முடியற வரைக்கும் நான் குவைத்துலயே இருக்கேன் பாப்பா," என்றாள். "மேடம் லீவு குடுக்கலன்னு சொல்லிடு."

ரூபா அழுதாள். அழுதுகொண்டேதான் இருந்தாள். ஆனால் அந்த அழுகைக்கு நடுவே அவள் தோள் இரண்டும் லேசாக இறங்கியதை, கையில் டேப்போடு நின்ற கலைவாணி பார்த்துவிட்டாள். ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தவளின் தோள் அப்படித்தான் இறங்கும். இந்த ஜென்மத்துக்கும் அவள் கண்ணைவிட்டுப் போகாது அது.

"முடிஞ்சதும் லீவுல வந்த மாரி வந்துடும்மா. நானே ஏர்போர்ட்டுக்கு வந்து இட்டுனு போறேன்."

"சரி."

"தாலி கட்டும்போது வீடியோ கால் போடுவேன். எல்லாரும் ஒன்னப் பாக்கணும்பாங்க. குவைத்துல போட்டுக்கினு இருந்த கறுப்பு அங்கி வச்சிகீறியா?"

"கீது."

"அதப் போட்டுக்கினு ஒக்காரு. பின்னால திரை எதுனா கட்டிக்கோ. நைனா போட்டோவுக்குப் பக்கத்துல போனை வச்சிடறேன். அங்கேருந்து நல்லாத் தெரியும்."

"அந்த ஜாக்கெட்டு?"

"குவைத்துலேருந்து எங்கம்மா தைச்சி அனுப்பிச்சதுன்னு சொல்லுவேன். நீ தைச்சதுங்கறது உண்மதான?" ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இந்த வாட்டி பார்சல்ல போடாத. என் ஃப்ரெண்ட அனுப்பறேன், அத்தை அவளப் பாத்ததில்ல. அவ குவைத்துலேருந்து வந்த மாரி கொண்டாந்து வூட்ல துன்னுட்டுப் போவா."

கலைவாணியும் சிரித்தாள். சோறு போடுகிறேன் என்றாள். நேரமாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரைக்கும்தான் லீவு சொல்லியிருக்கிறேன் என்றாள் ரூபா. தட்டுக்குப் போன கை திரும்பி வந்தது.

மழை விட்டிருந்தது. ரூபா செருப்பை மாட்டும்போது பக்கத்துக் கதவிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"எவரு கலா ஆ அம்மாயி?" யார் அந்தப் பெண் என்று கேட்டாள்.

ரூபாவின் கை செருப்பு வாரில் அப்படியே நின்றது.

"கஸ்டமர்மா," என்றாள் கலைவாணி. காது மந்தமானவளுக்குக் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். "கல்யாண ஜாக்கெட்."

வீட்டுக்காரம்மா ரூபாவைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தாள். அவள் பின்னாலிருந்து டிவியின் கோவிந்தா கோஷம் வாசல் முழுக்க வழிந்தது. ரூபா குனிந்த தலை நிமிராமல் இரண்டு அடி நடந்தாள். பிறகு திரும்பி வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று கலைவாணி முகத்தை நீட்டினாள்.

"சத்தம் ரொம்ப கேக்குதும்மா," என்றாள் ரூபா தணிந்த குரலில். "கல்யாணத்தன்னைக்கு இப்படி இருக்கக்கூடாது."

கலைவாணி தலையாட்டினாள்.

ரூபா கைப்பிடியைப் பற்றிக் கதவைத் தன் பக்கம் இழுத்தாள். மழையில் ஊறியிருந்த பலகை பாதியில் சிக்கியது. வெளியே இருந்து அவள் இழுத்தாள், உள்ளே இருந்து கலைவாணி தள்ளினாள். இருவருமாகச் சேர்ந்து சாத்திய கதவு, ஒரு சின்னச் சத்தத்தோடு பொருந்தி மூடிக்கொண்டது.