டிக்கியில் தட்டும் சத்தம்

"கண்ணு, நாளைக்கு உனக்கு லீவுதானே?" என்று மாமா போனில் கேட்டார்.

"ஆமா மாமா. அத்தை எப்படி இருக்காங்க?"

"இருக்கா. காலையில ரெண்டு வாய் சாப்பிட்டா." பிறகு விஷயத்துக்கு வந்தார். "கார் டேஷ்போர்டுல ஒரு புத்தகம் கிடக்கு. முழுக்க இங்கிலீஷ். நீ வந்து படிச்சுச் சொல்லணும்."

"எதைப் பத்தி மாமா?"

"ரிவர்ஸ் லைட்டு."

 அவரே தொடர்ந்தார். "திங்கக்கிழமை போலீஸ்ல இருந்து வண்டியைப் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள எரியணும்னு உங்க அக்கா சொல்றா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? காலையில வா."

அக்கா என்பது வெளியூரில் இருக்கும் அவருடைய ஒரே மகள். அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா இருபத்தாறு வருடங்களாக வாடகைக் கார் ஓட்டுகிறார். சொந்த வண்டி. சீட் உறைகளை வாரம் தவறாமல் துவைத்து மாட்டுவார். ஏசியில் வாடை வருகிறது என்று யாராவது மூக்கைச் சுளித்தால் அன்று மாலையே அதைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் பின்னால் இருக்கும் இரண்டு வெள்ளை விளக்குகள் பத்து மாதமாக எரியவில்லை. ஒருமுறை இரண்டு பல்புகளையும் மாற்றிப் பார்த்தார். எரியவில்லை. வயரிங் பார்க்க வேண்டும், ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார் எலக்ட்ரீஷியன். அந்த ஒரு நாள் வரவேயில்லை.

"என்னைக் கூப்பிடுறவங்க முன்னால போகத்தானே கூப்பிடுறாங்க" என்பார் மாமா.

வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில்தான் கார் நிற்கும். தினமும் விடிவதற்கு முன் நாற்பதடி பின்னாலேயே வந்து தெருவில் ஏற வேண்டும். அதற்கு அத்தைதான் விளக்கு. ஒரு கையில் டார்ச்சுடன் காருக்குப் பின்னால் நின்று, மறு கையால் டிக்கியில் விடாமல் தட்டிக்கொண்டே பின்னோக்கி நடப்பார். சத்தம் கேட்கும் வரை மாமா வரலாம். சத்தம் நின்றால் நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வாய்ச்சொல் காதில் விழாது என்பதால் மாமா செய்த ஏற்பாடு இது. அவள் கை ஓய்ந்தால் வண்டியும் ஓய்ந்துவிடும், இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும் என்று எங்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருநாள் கேட்டார். "என்னங்க, இன்னும் லைட்டு சரி பண்ணலையா?"

"மத்தவன் வண்டியில லைட்டு எரியும். என் வண்டியில லைட்டு திட்டும்" என்றார் மாமா.

"திட்டுறதோட விட்டேனேன்னு சந்தோஷப்படுங்க" என்றார் அத்தை, தட்டுவதை நிறுத்தாமல்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் நல்ல மழை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. கார் பாதிச் சந்தைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் டிக்கியின் மேல் கொட்டத் தொடங்கியது. சந்து முடியும் தெருக் கேட்டருகே அத்தை வழுக்கி விழுந்தார். கை நின்றுவிட்டது. ஆனால் மாமாவுக்குச் சத்தம் நிற்கவில்லை. டமடமவென்று கேட்டுக்கொண்டே இருந்ததால் அவர் வந்துகொண்டே இருந்தார்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் மருத்துவமனைக்குப் போலீஸ்காரர் வந்தபோது நான் கட்டிலருகே இருந்தேன். "லைட்டெல்லாம் நல்லாத்தாங்க எரிஞ்சுது. நான்தான் கண்ணு மண்ணு தெரியாம வழுக்கி விழுந்தேன்" என்றார் அத்தை. போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் அத்தையின் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது மாமா பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. யாரும் பிரித்ததேயில்லை.

"ரெண்டு பக்கமும் எரியலையா, ஒரு பக்கம் மட்டுமான்னு கேக்குது மாமா."

"ரெண்டும்தான்."

"அப்படின்னா பல்பு காரணமா இருக்காதாம். ஃப்யூஸைப் பார்க்கணும். அது சரியா இருந்தா, ரிவர்ஸ் போட்டதும் லைட்டை எரிய வைக்கிற சுவிட்ச் ஒண்ணு கியர்பாக்ஸ் மேல இருக்காம்."

மாமா என்னையே பார்த்தார். "ரெண்டு பல்பும் ஒண்ணா எப்படிப் போகும்? இதுகூடத் தோணலை பாரு எனக்கு."

ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். வயர் நுனியில் இருந்த பிளக் சுவிட்சிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார், துடைத்தார், திரும்ப அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

"உள்ள உக்காரு. பிரேக்கை நல்லா மிதிச்சுக்க. ஸ்டார்ட் பண்ணாத, சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் போடு."

போட்டேன். பின்னால் கேட்டின் மேல் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. மாமா காருக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றிருந்தார்.

"மாமா, அங்க நிக்காதீங்க."

அவர் நகரவில்லை. நான் சாவியை உருவிவிட்டேன்.

"இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"இருபது நிமிஷம் இருக்கும்."

மறுபடி ஒருமுறை கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

அந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள். மாமாவின் கையெல்லாம் கிரீஸ் என்பதால் நான்தான் அவர் காதில் வைத்துப் பிடித்தேன். "எரியுதாப்பா? அப்பாடா! அம்மா சொன்னதையே நீங்களும் எழுதிக் குடுத்துடுங்க. எரியலைன்னு தெரிஞ்சே ஓட்டினீங்கன்னு ஆச்சுன்னா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் அம்மாவை யாரு பாக்குறது? உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"சரிம்மா" என்றார் மாமா. எதற்குச் சரி என்று அவள் கேட்கவில்லை.

சமையலறை மேசையில் நான் தாளை விரித்தேன். இந்த ஊர் போலீஸுக்கு வாக்குமூலத்தை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாகப் பேச்சு. மாமா மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த பச்சை போகவில்லை. தாளிலிருந்து தள்ளி, சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

"உங்க அத்தை பொய் சொன்னாங்கிற மாதிரி எங்கயும் வராம எழுத முடியுமா கண்ணு? வலியில என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசிட்டானு போடு. ஆனா லைட்டு பத்து மாசமா எரியல, எனக்கு அது தெரியும், இன்னிக்குத்தான் சரி பண்ணினேன். அதை முதல் வரியிலயே எழுதிடு. நான் மனசு மாறுறதுக்கு முன்னாடி எழுதிடு."