கொத்தவரங்காயில் பாதி

சரோஜினி நகர் சர்க்கார் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரருக்கு மண் உண்டு. மாடிவீட்டுக்காரருக்கு மொட்டைமாடி உண்டு. இரண்டும் ஒருவருக்கே கிடைத்துவிடக்கூடாது என்பதில் சர்க்கார் கவனமாக இருந்தது.

கீழ்வீட்டு வசுமதி மாசியில் கொல்லைப்புறத்தில் கொத்தவரை விதைப்பாள். வைகாசியில் காயைப் பறித்து, உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக எடுத்து, மேலே விஜயலக்ஷ்மியின் மொட்டைமாடியில் காயப்போடுவாள். கீழே உலர்த்தினால் பூனை, அணில், புழுதி. வெயிலுக்குக் கூலியாக வற்றலில் சரிபாதி மாடிவீட்டுக்கு. யாரும் எழுதிவைக்காத இந்த ஒப்பந்தம் பதினோரு வருஷம் பிசகாமல் நடந்தது. சினேகிதம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள்.

2001 மே கடைசியில் வசுமதியின் புருஷன் ராஜகோபால் ரிட்டயர் ஆகிறார். அப்புறம் தலைநகரின் மேற்குக் கோடியில், துவாரகாவில் நாலாவது மாடி ஃப்ளாட். மண் என்பதே கிடையாது. இது கடைசி மகசூல், முழுக்கத் தனக்கே வேண்டும் என்று வசுமதிக்கு ஆசை. கேட்கக் கூச்சமாக இருந்தது. தன் தோட்டத்துக் காயைத் தானே திருடுவதில் அவ்வளவு கூச்சம் தெரியவில்லை.

"இந்த வருஷம் காய்ப்பே இல்லை விஜயா, ஒரே பூச்சி" என்று ஒரு முறம் மட்டும் மாடிக்குப் போயிற்று. மீதி நாலு முறத்தைப் பின்னறைக் கட்டிலடியில் பழைய வேட்டியில் பரப்பி ஜன்னலைச் சாத்தினாள்.

லீவு பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்த ராஜகோபால் மத்தியானத் தூக்கத்துக்கு அங்கேதான் படுப்பார். நாற்பத்துநாலு டிகிரி. ஈரக்காற்றடிக்கும் கூலரைப் போட்டார். போடாதேங்கோ என்றால் காரணம் சொல்ல வேண்டும். அவருக்குச் சொன்னால் மாடிப்படி ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொன்ன மாதிரி. மூன்றாம் நாள், "என்னடி இது, புளிச்ச நாத்தம்?" என்றார். வேட்டி முழுக்கப் பூசணம். விடிவதற்குள் பேப்பரில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

சாமான்கள் லாரியில் ஏறிய அன்று விஜயலக்ஷ்மி ஒரு டப்பாவோடு இறங்கி வந்தாள். அவள் பங்கு வற்றல், தொடாமல் அப்படியே.

"இதையும் எடுத்துண்டு போ வசு."

"ஐயோ, அது உன் பங்குன்னா!"

"எங்காத்துல யார் திங்கறா? அவருக்குப் பல் போயாச்சு. பிள்ளை கௌஷிக்குக்கு ராஜ்மா இல்லாம சோறு இறங்காது. பதினோரு வருஷமா வேலைக்காரிக்குத்தான் போறது. அவளும் அச்சா, அச்சான்னு வாங்கிண்டு போறா, என்ன பண்றாளோ!"

வசுமதி டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"கேட்டிருந்தா முழுசையும் காயவெச்சுத் தந்திருப்பேனே" என்றாள் விஜயலக்ஷ்மி, சிரித்துக்கொண்டே. "கூலர் காத்துல எங்கயாவது வத்தல் காயுமோ? மாடி வரைக்கும் நாறித்து."

ஆவணியில், சர்ட்டிபிகேட்டில் இல்லாத நிஜப் பிறந்தநாள் கணக்கில், ராஜகோபாலுக்கு அறுபதாம் கல்யாணம். கூப்பிட வேண்டியவர்கள் ஜாபிதாவில் முதல் பேராக விஜயலக்ஷ்மி வீட்டை எழுதினார்.

"அவா வேண்டாம். ரொம்ப தூரம்."

"நேர் பஸ் இருக்கேடி!"

வசுமதி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தப் பேரைத் தானே அடித்தாள்.