சாக்கில் வந்த வட்டம்

ஒரு கணக்கு டீச்சருக்கு மிகவும் அவசியமான உபகரணம் இன்னொரு கணக்கு டீச்சர். அதை மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்து ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் பார்க்க முடியாது. தமிழுக்கு ரெண்டு பேர் இருப்பார்கள். ஓய்வு நேரத்தில் ஒருத்தர் ஒரு வெண்பாவைச் சொன்னால் இன்னொருத்தர் தலையாட்டுவார். நமக்கு? ஒரு கணக்கை அழகாகப் போட்டு முடித்துவிட்டு, 'ஆகா' என்று சொல்ல ஆளில்லாமல், டஸ்டரை எடுத்து நாமே அழிக்க வேண்டியதுதான். எண்பதுகளின் நடுவில் பரளச்சிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, பத்து வருஷம் அப்படி அழித்தவள் நான். என்னைப் போல் ஒத்தையாளாய்ச் சாக்பீஸ் பிடித்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வட்டம் வரும் பஸ்

எங்கள் பள்ளியில் கரும்பலகைக்கு ஒரு மரக் கவராயம் இருந்தது. சாக்பீஸ் மாட்டுகிற கால் மட்டும் அதில் இல்லை. நூலைக் கட்டி வட்டம் போட்டால் வெள்ளரிக்காய்தான் வரும். அருப்புக்கோட்டையில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு நடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய் டீச்சரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் என்னைப் போலவே ஒத்தைக் கணக்கு டீச்சர். அந்த மூன்று நாளும் நாங்கள் சாப்பிட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். பின்னத்தை எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள், தேற்றம் சொல்வதற்கு முன்னால் என்ன கேட்பீர்கள் என்று ஒரே பேச்சு. கடைசி நாள், தன் பள்ளியில் நல்ல கவராயம் இருக்கிறது, பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்றார். ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே உரச் சாக்கில் சுற்றி வந்து சேர்ந்தது. அதுமுதல் கவராயம் மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. புத்தகத்தில் வட்டம் எத்தனையாவது பாடமாக இருந்தால் என்ன, கவராயம் வருகிற அன்றைக்குத்தான் எங்களுக்கு வட்டம். பஸ் நின்றதும் கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவார்: "டீச்சர், வட்டம் வந்திருச்சு, எறக்கிக்கங்க!"

மூன்று நாளைக்கு முந்தின தண்ணீர்

சாக்குக்குள் கவராயத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் வரும். நலமா, சுகமா என்றெல்லாம் இருக்காது. 'ஏழாம் வகுப்புக்கு மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் விதி என்று சொல்லித் தப்பித்துவிட்டேன்' என்று ஒருமுறை எழுதியிருந்தார். நானும் அதுவரை அப்படித் தப்பித்தவள்தான். அவர் கேட்டுவிட்டாரே என்று ரெண்டு நாள் அதே நினைப்பாகத் திரிந்து, கிடைத்ததைத்தான் கவராயம் திரும்பிப் போன சாக்கில் சீட்டாக எழுதி அனுப்பினேன்.

கோடைக்கு முந்தின மாதம். எல்லாக் கிணறும் வற்றிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் ஒரு கிணற்றைப் போட்டேன். தண்ணீர் தினமும் ரெண்டடி இறங்குகிறது, அது மைனஸ் ரெண்டு. மூன்று நாளைக்கு முன்னால் என்றால் மைனஸ் மூன்று. அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றிருக்கும்? "ஆறடி மேல!" என்று வகுப்பே கத்தியது. இந்தாங்க பிளஸ் ஆறு என்று எழுதி, எனக்கு நானே 'ஆகா' சொல்லிக்கொண்டேன். அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "எங்க கெணத்துலயும் முந்தா நேத்துக்குப் போனாத்தான் டீச்சர் தண்ணி."

இரவல் கேள்வித்தாள்

கவராயத்தோடு கேள்வித்தாளும் பயணம் போக ஆரம்பித்தது. அவர் திங்கட்கிழமை வைத்த வகுப்புத் தேர்வை, விடைக் குறிப்போடு வாங்கி நான் புதன்கிழமை வைப்பேன். ஒருமுறை என் எட்டாம் வகுப்பில் அத்தனை பேரும் முழு மார்க் வாங்குகிற மாதிரி எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் ஆரம் ஏழு உள்ள வட்டத்தின் பரப்பு நூற்று ஐம்பத்து நாலு. இவர்கள் அத்தனை பேரும் நாற்பத்து நாலு என்று எழுதியிருந்தார்கள். அது சுற்றளவு. விடைக் குறிப்பைப் பார்த்தேன். சுப்புத்தாய் டீச்சர் அவசரத்தில் அதையேதான் எழுதியிருந்தார்.

விசாரித்தால், கேள்வியும் விடையும் எனக்கு முன்னாலேயே அதே பஸ்ஸில் வந்திருக்கின்றன. அந்த ஊரில் அத்தை மகள் இல்லாத பிள்ளை எங்கள் வகுப்பில் யார்? நாற்பத்து நாலை அடித்து வட்டமிட்டேன். ஒருத்தி அழாக்குறையாக எழுந்து நியாயம் கேட்டாள்: "அங்க இதுக்கு மார்க் போட்டாக டீச்சர், நீங்க மட்டும் ஏன் போட மாட்டேங்கிறீக?"

ஞாயிற்றுக்கிழமை

ஒரே பஸ் தடம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். பருத்தி எடுப்பு, பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல், வீட்டுக்கு வந்துபோகிற ஆட்கள் என்று எங்கள் வீட்டு ஞாயிறுக்கு ஆயிரம் வேலை. அவர் வீட்டிலும் அதே கதை. கல்யாணம், காதுகுத்து என்றால் கிளம்பலாம். கணக்குப் பேசப் போகிறேன் என்று சொல்லிப் புடவை மாற்றிய பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருநாள் மாற்றினேன். மாமியார் களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: "ஆறு நாளும் பிள்ளைகளோட கத்துறியே தாயி, அது காணலையா ஒனக்கு?"

பத்து நாள் திருவிழா

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் என்றாலே ஆசிரியர்கள் லீவுக்குக் காரணம் தேடுவார்கள். வெயில், மின்விசிறி சுற்றாத கூடம், பிசகினால் முதன்மைத் திருத்துநரிடம் பாட்டு. நானோ பொங்கல் முடிந்ததிலிருந்து அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு கூடம் நிறையக் கணக்கு வாத்தியார்கள்! அதில் என் பக்கத்து நாற்காலியில் சுப்புத்தாய் டீச்சர். ஒரு பையன் (a+b)² என்பதற்கு a²+b² என்று எழுதி 2ab-ஐ விட்டிருந்தால், "ரெண்டு பட்டியை உழாம விட்டுட்டான் பாருங்க" என்பார். பெரிய சதுர வயலில் ரெண்டு சதுரத்தையும் ரெண்டு பட்டியையும் வரைந்து காட்டுகிற அவர் முறை அது. அந்தப் பத்து நாளும் நான் சிரித்த அளவுக்கு வருஷம் பூராவும் சிரித்திருக்க மாட்டேன்.

கடைசி நாள் பஸ் நிலையத்தில் நின்றோம். கூட்டமாக இருக்கிறது என்று ஒரு பஸ்ஸை விட்டோம். காலியாக வந்த அடுத்த பஸ்ஸையும் விட்டோம். மூன்றாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துதான் அவர் சொன்னார்: "அடுத்த வருசம் பயலுக இன்னும் நெறைய பேரு பரீட்சை எழுதணும் டீச்சர், அப்பத்தான் நமக்கு ரெண்டு நாள் கூடக் கெடைக்கும்."

ஒரு இடம், ஒரு ஆள்

அந்த ரெண்டு நாள் போதாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரே பள்ளியில், ஒரே ஓய்வறையில் அவரோடு உட்கார்ந்து ஒரு வருஷமாவது வேலை பார்த்துவிட வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு அப்போது அவ்வளவு பெரிதாக இல்லை. அவர் பள்ளிக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் நல்ல மனிதர். படித்துவிட்டு, அங்கே இருப்பது ஒரே ஒரு கணக்குப் பணியிடம், அதில் ஒரு அம்மா இருக்கிறாரே என்றார். அவர் இருப்பதால்தான் சார் கேட்கிறேன் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். வேண்டுமானால் மனமொத்த மாறுதல் போடலாம், நீங்கள் அங்கே, அவர் இங்கே என்று வழி சொன்னார். எங்கள் மனம் ஒத்திருந்தது உண்மைதான். அதற்கு அரசாங்கம் தரக்கூடிய மரியாதை இடம் மாற்றி உட்கார வைப்பதுதான் போலிருக்கிறது. நான் விண்ணப்பத்தை மறுபடி அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "அவுக கெளம்புனாத்தான டீச்சர் ஒங்களுக்கு அந்த எடம்!"

அந்த டீச்சர்

அப்படியே நடந்தது. ரெண்டு வருஷம் கழித்து, கணவருக்குத் தருமபுரிக்கு மாற்றலாகி, சுப்புத்தாய் டீச்சர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். நான் கொடுத்த விண்ணப்பம் எந்தக் கோப்பிலோ உயிரோடு இருந்திருக்கிறது. ஆர்டர் வந்தது. கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டில் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கேசரி கிண்டினார்கள்.

புதுப் பள்ளியில் பீரோவைத் திறந்தேன். கவராயம் இருந்தது, பக்கத்தில் மடித்து வைத்த சாக்கு. உள்ளே கைவிட்டுப் பார்த்தேன், சீட்டு இல்லை. எட்டாம் வகுப்புக்குப் போய், பழைய பாடத்தை நினைவுபடுத்தலாமென்று கரும்பலகையில் கிணற்றை வரைந்தேன். பாதி வரைவதற்குள் பிள்ளைகள் "தண்ணி ரெண்டடி எறங்குது!" என்று ஆரம்பித்துவிட்டார்கள். சுப்புத்தாய் டீச்சர் சொல்லிக்கொடுத்தாரா என்று கேட்டேன். முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். ஆமாம், ஆனால் 'இது என்னோடது இல்லை, பரளச்சிப் பக்கத்து டீச்சர் ஒருத்தர் கண்டுபிடித்தது, கணக்கில் அவரை மாதிரி ஆள் கிடையாது' என்று சொல்லிவிட்டுத்தான் சுப்புத்தாய் டீச்சர் கிணற்றையே வரைவார் என்றாள். நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுத ஒன்றும் இல்லை, முகத்தை மறைக்கத்தான். எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த 'ஆகா' இந்த வகுப்பில் வருஷா வருஷம் ஒலித்திருக்கிறது, என் காதில் விழாமல். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "அந்த டீச்சர் நீங்கதானா டீச்சர்?"

என் பழைய இடத்துக்கு வந்த புது வாத்தியாருக்கு, மாதத்தில் பாதி நாள் கவராயத்தைச் சாக்கில் சுற்றி அதே பஸ்ஸில் அனுப்பினேன், சீட்டும் வைத்தேன். அவர் ஒழுங்கான மனிதர், சொன்ன தேதிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒவ்வொரு முறையும் சாக்கின் அடிவரை துழாவுவேன். விரலில் சாக்பீஸ் தூள்தான் ஒட்டும்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு டீச்சர் போதும் என்பதை, கணக்கே வராத யாரோதான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.