ஆர்டெலின் தூக்கத்தை விசாரித்த கதை

சென்ற மாதம் என் கணவர் ஆர்டெல் ஹாகனை அடக்கம் செய்தபோது, அவரைப் போல உழைப்பாளி இந்த வட்டாரத்திலேயே இல்லை என்றார்கள். உண்மைதான். தூக்கம் வராத மனிதருக்கு வேறு என்ன வேலை?

வடக்கு மினசோட்டாவில் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்வது கெட்ட பழக்கம். ரம்பம் விரலைக் கொண்டுபோனாலும் பரவாயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்டெல் அந்த ஒழுக்கத்தில் தேறியவர். பல வருஷங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், தான் ஓட்டிய பால் டாங்கர் லாரியோடு பனிமேட்டுக்குள் புகுந்துவிட்டு, சாலை வழுக்கியது என்றார். அன்று சாலை காய்ந்துதான் கிடந்தது. கண் அசந்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை எதிரே பள்ளிப் பேருந்து வந்தால்? இழுக்காத குறையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் கின்டானா அரிசோனாக்காரர், அப்போது ஊருக்குப் புதியவர்.

"ராத்திரி தூக்கம் எப்படி?"

"குறை சொல்றதுக்கில்லைங்க, டாக்டரம்மா."

"நடுவுல முழிப்பு வருதா?"

"எல்லாரும் முழிக்கிறதுதானே."

"பகல்ல அசதி?"

"வயசாகுதில்ல."

இன்னும் ஒரு கேள்வி போயிருந்தால், மாவட்டத்திலேயே நன்றாகத் தூங்குபவர் என்று சான்றிதழே கிடைத்திருக்கும். நானும் இந்த ஊர்க்காரிதான். புருஷனைப் பற்றி நேராகக் குறை சொல்ல வாய் வரவில்லை.

"எங்க வீடு இப்பல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்கு, டாக்டர்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஆர்டெலிடம் திரும்பினார்.

"நேத்து ராத்திரி என்னென்ன வேலை முடிச்சீங்க, மிஸ்டர் ஹாகன்?"

ஆர்டெலின் முகம் மலர்ந்துவிட்டது. "ரம்பத்துக்கெல்லாம் சாணை பிடிச்சேன். பக்கத்து வீட்டுக்காரனோட பனி தள்ளுற மிஷினைப் பிரிச்சு மாட்டினேன். அப்புறம் ரொட்டி சுட்டேன்."

"அதுக்கு முந்தின ராத்திரி?"

"கொட்டகைக்கு உள்பக்கம் பெயின்ட். அறுவடை முடிஞ்சதுலேர்ந்து நிறைய வேலை ஓடுது."

"அப்ப எப்பதான் தூங்குறீங்க?"

பெருமையில் இருந்தவர் யோசிக்கவில்லை. "லாரியிலதான், கொஞ்சம்."

சொன்ன பிறகுதான் தன் வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"தூக்கம் சரியாகுற வரைக்கும் நீங்க வண்டியைத் தொடக் கூடாது."

"அது கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார் ஆர்டெல். எங்கள் மணவாழ்வில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முறையீடு.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். நகரத்தைத் தாண்டுவதற்குள் பக்கத்து இருக்கையில் குறட்டை. எங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. நான் திரும்பவில்லை. பெட்ரோல் முள் அடியைத் தொடும்வரை எங்கள் ஊர் ஏரியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.